முதன்முறை வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு: ஒப்பந்தத் தாள் முதல் ரென்ட் கோர்ட் வரை

பலரும் திட்டம் போட்டு வீட்டு உரிமையாளர் ஆவதில்லை. அப்பா கட்டிய வீட்டின் மாடி போர்ஷன் கைக்கு வரும். அல்லது வேலை வேறு ஊருக்கு மாறியதால் வேளச்சேரியில் கடன் போட்டு வாங்கிய ஃப்ளாட் பூட்டிக் கிடக்கும். வாசலில் டூ-லெட் போர்டு மாட்டுகிறோம், தெரிந்தவர் மூலமாக ஒரு குடும்பம் வருகிறது, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறோம். வாடகை நின்றபிறகுதான் தாளைத் தேடுகிறோம்.

தமிழ்நாட்டில் முதன்முறையாக வீடோ கடையோ வாடகைக்கு விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலி செய்ய வைக்கும் வழக்கின் பாதி முடிவு சாவி கொடுக்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் அந்த நாளைப் பற்றியே கொஞ்சம் அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

இப்போது எந்தச் சட்டம்?

வயதானவர்கள் இன்னும் 'ரென்ட் கன்ட்ரோல் கேஸ்' என்பார்கள். அது 1960-ஆம் ஆண்டின் சட்டம். கோர்ட்டே நியாய வாடகை நிர்ணயித்த காலம் அது. ஒரே வீட்டுக்காக இரண்டு தலைமுறை வழக்காடிய குடும்பங்களும் உண்டு. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடப்பில் இருக்கிறது. இதில் வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதே பேசும்.

இந்தச் சட்டத்தில் மூன்று படிகள் உண்டு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, வாடகைத் தகராறு, தண்ணீர், மின்சாரத் துண்டிப்பு போன்றவற்றை வாடகை அதிகாரி பார்ப்பார். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். காலி செய்யும் உத்தரவு தருவது வாடகை நீதிமன்றம், அதாவது ரென்ட் கோர்ட். அதற்கு மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்தில். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதிகளே ரென்ட் கோர்ட்டாக இருக்கிறார்கள். வழக்கமான சிவில் கோர்ட்டுக்கு இந்த விஷயங்களில் அதிகாரம் கிடையாது. தவறான இடத்தில் வழக்குப் போட்டால் வருஷங்கள் வீண்.

அரசுக் கட்டடங்கள், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையோடு தரும் குவார்ட்டர்ஸ், சட்டம் விலக்கியிருக்கும் அறநிலையச் சொத்துகள் போன்றவை இதற்குள் வராது. உங்கள் சொந்த வீடும் கடையும் வரும்.

சாவி கொடுக்கும் முன்

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது என்கிறது 4-ஆம் பிரிவு. பத்து மாதமோ ஐந்து வருடமோ, விதி ஒன்றுதான். பதினொரு மாதத்துக்கு எழுதினால் எதையும் பதிவு செய்யத் தேவையில்லை என்ற பழைய நம்பிக்கை இன்னும் புழங்குகிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதக் கணக்கு வந்தது. புதிய சட்டம் கேட்பது வேறொரு பதிவு. பதினொரு மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கென அரசின் வாடகை இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் இரு தரப்பின் அடையாளச் சான்றுகளையும் ஏற்றி விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இதில் சோம்பல் காட்டவே கூடாது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 4-ஏ பிரிவு சொல்கிறது. எவ்வளவு அழகாக எழுதிய ஒப்பந்தமானாலும் பதிவு எண் இல்லாவிட்டால் நீதிபதியின் மேஜையில் அதற்கு மதிப்பு இராது. கையெழுத்துப் போட்ட வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? கடையில் கிடைக்கும் அச்சடித்த படிவத்தை நம்பாமல் இவற்றைச் சரிபாருங்கள். வாடகை எவ்வளவு, மாதத்தில் எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தாமதமானால் வட்டி உண்டா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏற்றம். வாடகை ஏற்றம் ஒப்பந்தத்தின்படிதான் என்று சட்டம் சொல்வதால் இந்த வரி விட்டுப்போனால் பிறகு பேச வாய்ப்பே இருக்காது. மெயின்டெனன்ஸ் யார் கட்டுவது, தண்ணீர் லாரிக்கு யார் பணம் தருவது, கார் நிறுத்த இடம் உண்டா. வீடு குடியிருக்க மட்டுமா, டியூஷன் எடுக்கலாமா, மெஸ் நடத்தலாமா. யார் யார் குடியிருப்பார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். உள்வாடகைக்கு விட எழுத்து அனுமதி வேண்டும் என்பதையும் சேருங்கள்.

மின் கட்டணம் தனி மீட்டர்படி. ஒரே மீட்டரில் இரண்டு போர்ஷன் என்றால் எப்படிப் பிரிப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் வைத்து வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் நிறைய இருக்கிறது. அது நியாயமில்லை, பின்னாளில் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே பேசும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பது 11-ஆம் பிரிவு, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் ஒழிய. 12,000 ரூபாய் வாடகைக்கு 36,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் அளவாக வாங்கினால் திருப்பித் தரும் நாளில் நீங்களும் திணற மாட்டீர்கள். பலர் அட்வான்ஸைச் செலவழித்துவிட்டு, புதிதாக ஒருவர் வந்தால்தான் பழையவருக்குத் தர முடியும் என்ற நிலையில் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகைதாரர் "அட்வான்ஸைக் கொடுங்கள், சாவியைத் தருகிறேன்" என்று நின்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும்.

கழிப்பது பற்றி ஒரு வார்த்தை. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை என்று கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது நம் பழக்கம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்திருக்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம், குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங், கட்டடப் பழுது ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின் பழுது, கழிவுநீர் அடைப்பு, கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவை வாடகைதாரர் பக்கம். வேறு மாதிரி வேண்டுமானால் அதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் வீடு முழுவதையும் வீடியோ எடுங்கள். மின் மீட்டர் ரீடிங், ஃபேன், லைட், கீசர் எண்ணிக்கை, சுவரில் உள்ள விரிசல்கூட. இருவரும் கையெழுத்திட்ட ஒரு பொருள் பட்டியல் இருந்தால் காலி செய்யும் நாளின் சண்டைகளில் பெரும்பகுதி வராது. வாடகைதாரர் விவரத்தைச் சரிபார்க்க தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வசதி இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள்.

'லீஸ்', 'ஒத்தி', 'போக்கியம்' என்று மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவது மதுரைப் பக்கமும் சென்னையிலும் சகஜம். அது சில நேரம் அடமானத்தின் தன்மையைப் பெற்றுவிடும். வாடகை ஒப்பந்தப் படிவத்தில் அதை எழுதாதீர்கள், தனியாக வக்கீலிடம் காட்டுங்கள்.

குடியிருக்கும் காலத்தில்

வாடகையை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ரொக்கமாக வாங்கினால் ரசீது தர வேண்டியது உங்கள் கடமை. நீங்கள் வாங்க மறுத்தால் வாடகைதாரர் தபாலில் அனுப்பலாம், வாடகை அதிகாரியிடமும் கட்டலாம். ஆகவே கோபத்தில் வாடகையைத் திருப்பி அனுப்பி, "ஆறு மாதமாகத் தரவில்லை" என்று வழக்குப் போடும் யோசனை பலிக்காது.

வீட்டைப் பார்க்கப் போக வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் வீடுதான். ஆனால் வாடகைக்கு இருக்கும் வரை அது அவர்கள் குடும்பம் நடத்தும் இடம். மாற்றுச் சாவி கையில் இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

காலி செய்யச் சொல்ல என்ன காரணம் வேண்டும்?

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிக்கவில்லை என்பதற்காக யாரையும் வெளியேற்ற முடியாது. 21-ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்று வேண்டும்.

அதிகம் வருவது வாடகைப் பாக்கி. இரண்டு மாத வாடகையும் சேர வேண்டிய மற்ற கட்டணமும் நிலுவையில் இருக்க வேண்டும். நீங்கள் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுவதும் தராமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் காரணம் முழுமையாகிறது. ஒரு மாதம் தாமதம் என்று ஓடினால் வேலைக்காகாது.

அடுத்தது, 2019-க்கு முன்பே குடியிருப்பவர்கள். பழைய குடித்தனக்காரர்களோடும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் அவகாசம் கொடுத்தது. முதலில் குறைவாக இருந்த அந்த அவகாசம் திருத்தங்களால் 575 நாட்களாக நீண்டது. அதற்குள் ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதே 21(2)(ஏ) பிரிவின்படி ஒரு காரணம். சென்னையில் முப்பது வருடமாகச் சொற்ப வாடகையில் இருந்த கடைகள் மீது வந்த வழக்குகளில் பல இந்தப் பிரிவில்தான். ஆனால் புதிதாக விடுகிறவர் இதை நம்பி வாய்மொழியாக விடக்கூடாது.

எழுத்து அனுமதியில்லாமல் வேறு ஒருவருக்குக் கைமாற்றியது, எச்சரித்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பழுது, இடித்துக் கட்டுவது, உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ வீடு தேவைப்படுவது ஆகியவை மற்ற காரணங்கள். சொந்தத் தேவை என்றால் நீதிபதி அதன் நேர்மையைப் பார்ப்பார். மகன் திருமணம் என்றால் அழைப்பிதழ், இடித்துக் கட்டுவதென்றால் வரைபட அனுமதி, கடன் ஒப்புதல் போன்றவை கையில் இருக்கட்டும்.

நோட்டீஸ்

வக்கீல் மூலம் அனுப்புவதே நல்லது, உங்கள் கையெழுத்தோடும் அனுப்பலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு வழி சொல்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் தரலாம், வீட்டில் உள்ளவரிடம் கொடுக்கலாம். எதுவும் முடியாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். பழைய பதிவுத் தபால் சேவை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டதால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காதீர்கள். அப்படியே கோர்ட்டில் கொடுக்க வேண்டிய ஆவணம் அது.

நோட்டீஸில் கோபம் வேண்டாம். எந்த மாதம், எவ்வளவு பாக்கி, ஒப்பந்தத் தேதி, பதிவு எண், எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும், இவ்வளவு போதும். நோட்டீஸ் காலம் முடிந்தபின் வரும் பணத்தைச் சாதாரணமாக வாங்கிக்கொண்டால் நோட்டீஸைக் கைவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். "என் வழக்குரிமைக்குப் பாதிப்பில்லாமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

மனு

ரென்ட் கோர்ட் மனுவை வக்கீல்கள் 'ஆர்எல்டிஓபி' என்பார்கள். மனுவோடு உறுதிமொழிப் பத்திரமும் எல்லா ஆவணங்களும் முதலிலேயே போக வேண்டும்: வீடு உங்களுடையது என்று காட்டும் பத்திரம், சொத்து வரி ரசீது, ஒப்பந்தமும் பதிவு எண்ணும், வங்கிக் கணக்கு விவரம், நோட்டீஸும் அது சேர்ந்த சான்றும். வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டப் போகிறீர்கள் என்றால் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். ஃபோனை மாற்றும்போது அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையான உறவினருக்குச் சிறப்பு அதிகாரப் பத்திரம் கொடுத்து வழக்கை நடத்தலாம். வீடு அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவில் இருந்தால் எல்லோரின் சம்மதத்தையும் முதலிலேயே வாங்குங்கள். இல்லாவிட்டால் வாடகைதாரரின் வக்கீல் அங்கேதான் கைவைப்பார்.

மனு எண்ணிடப்பட்டதும் எதிர்மனுதாரருக்குக் கோர்ட் நோட்டீஸ் போகும். அவர் பதில் தாக்கல் செய்வார், நீங்கள் மறுமொழி தரலாம். சுருக்கமான விசாரணைதான், சிவில் நடைமுறைச் சட்டத்தின் எல்லாச் சடங்குகளும் இங்கே கட்டாயமில்லை. வழக்கு நாள் கணக்கில் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போவதும் உண்டு, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் வழக்குக்கு 16 இலக்க சிஎன்ஆர் எண் இருக்கும். ஈகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியும் போன வாய்தாவில் நடந்ததும் தெரியும். வக்கீலைத் தினமும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு வராமலே இருந்தால் ஒருதலைப்பட்ச உத்தரவு கிடைக்கலாம். அதைக் கொண்டாட அவசரப்படாதீர்கள், அவர் வந்து ரத்து செய்யக் கேட்பார். நோட்டீஸ் ஒழுங்காகச் சேர்ந்தது என்ற சான்று உறுதியாக இருந்தால்தான் உத்தரவு நிற்கும்.

வக்கீல் செலவு கட்டுப்படியாகாத பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கணவர் விட்டுப்போன ஒரே வீட்டின் வாடகையில் வாழும் அம்மாக்கள் எத்தனையோ பேருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதவை

மின்சாரத்தைத் துண்டிப்பது, மோட்டாரை நிறுத்தித் தண்ணீரை அடைப்பது, பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது, ஆட்களை அனுப்பி மிரட்டுவது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் இவற்றைச் செய்ய உங்களுக்கு உரிமையில்லை. அத்தியாவசிய வசதிகளைத் துண்டித்தால் வாடகை அதிகாரி உடனே இடைக்கால உத்தரவு போட்டு மீட்டுத் தரலாம். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற 1963-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அங்கே வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. அதோடு, குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்துவது கொடுமை. நல்ல வழக்கு கையில் இருக்கும்போது இப்படி ஒரு காரியத்தைச் செய்து குற்றவாளியாக நிற்காதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துக் காலி செய்ய வைக்கலாம் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். சிவில் விஷயம் என்று திருப்பி அனுப்பினால் அதுதான் சரியான பதில்.

சமரசம்

விசாரணையின் எந்தக் கட்டத்திலும் சமரசத்துக்குக் கதவு திறந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் செயல்படுகிறது, மாவட்டங்களிலும் மையங்கள் இருக்கின்றன. பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை நேரம் கொடுத்து, காலி செய்யும் தேதியை உறுதிமொழியாக எழுதி வாங்குவது பெரும்பாலும் நல்ல பேரம். ஆனால் வெளியே வாய்ப்பேச்சாக முடித்து வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். கூட்டு மனுவாகத் தாக்கல் செய்து உத்தரவாக மாற்றுங்கள், அல்லது லோக் அதாலத்தில் பதியுங்கள். தேதி தவறினால் புது வழக்கு போடாமல் நேரே நிறைவேற்றக் கேட்கலாம்.

உத்தரவுக்குப் பிறகு

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தோற்றால் அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு மனுவோடு போவார்கள். தடை உத்தரவு கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே கேவியட், அதாவது உங்களைக் கேட்காமல் தடை தர வேண்டாம் என்ற மனு, தாக்கல் செய்வது பற்றி வக்கீலிடம் பேசுங்கள். தடை கொடுத்தாலும் பாக்கியைக் கட்டச் சொல்லுமாறு கேட்கலாம். முடிந்துபோன ஒப்பந்தத்துக்குப் பிறகும் காலி செய்யாமல் இருக்கும் காலத்துக்கு வாடகையைப் போல இரு மடங்கு இழப்பீடு கேட்க 23-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அதை மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தடை ஏதும் இல்லை, ஆனாலும் காலி செய்யவில்லை என்றால் நிறைவேற்று மனு. உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா வந்து வீட்டை ஒப்படைப்பார், தேவையானால் போலீஸ் பாதுகாப்புக்கும் உத்தரவு வாங்கலாம். அன்று நீங்கள் வாசலில் வாக்குவாதம் செய்யாமல் ஒதுங்கி நில்லுங்கள். பூட்டுத் திறப்பவரையும் சாமான் ஏற்ற வண்டியையும் முன்பே சொல்லி வையுங்கள். உள்ளே விட்டுப்போன ஒவ்வொரு பொருளையும் அமீனா முன்னிலையில் பட்டியலிட்டு வீடியோ எடுங்கள், எதையும் நீங்களாக எடுத்து வெளியே வைக்காதீர்கள். மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, புதிய பூட்டுப் போட்டு, ஒப்படைப்பு அறிக்கையின் நகலை வாங்குங்கள். அப்புறம் அட்வான்ஸில் பாக்கி போக மீதி இருந்தால் கணக்கெழுதி வங்கி மூலமாகவே அனுப்பிவிடுங்கள்.